வசந்தகாலக் கேனோ பயணமும் குளிர்நீரின் ஆபத்தும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கோன்குவின் பூங்கா 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் காடுகளும் ஏரிகளும் நிறைந்த இப்பகுதி, தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோ பெருநகரிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ ஏரிகளின் மேல் உள்ள பனிக்கட்டி உருகி விலகுகிறது. அதையொட்டி ட்ரவுட் மீன்பிடிப் பருவமும் தொடங்குகிறது. கேனோ எனப்படும் சிறு துடுப்புப் படகில் ஏரியிலிருந்து ஏரிக்குச் சென்று, இடைப்பட்ட காட்டுப் பாதைகளில் படகைத் தோளில் சுமந்து நடந்து, கரையில் கூடாரமிட்டுத் தங்கி மீன் பிடிக்கப் பலர் அங்கே செல்கின்றனர். இதயநோய், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களும் அவர்களுள் உண்டு.

நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் இப்பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் மே மாத ஏரியைப் பற்றி ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். வெயில் அடித்துக் காற்று 20 டிகிரி செல்சியஸாக இருக்கும் நாளிலும் ஏரி நீர் 5 டிகிரியாக இருக்கலாம். உங்கள் உடையும் முன்னேற்பாடுகளும் நீரின் வெப்பநிலையைக் கருதியே அமைய வேண்டும்.

நீர் ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது?

நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிக அடர்த்தியுடன் இருக்கும். பனிக்கட்டி விலகியதும் மேற்பரப்பு நீர் அந்த வெப்பநிலையை எட்டிக் கீழே இறங்குகிறது. காற்று அதனைக் கலக்குகிறது. இதனால் சில நாட்களுக்கு ஏரி முழுவதும், மேலிருந்து அடிவரை, ஏறத்தாழ ஒரே குளிரில் இருக்கும். கோடையில் ஆழத்தில் தங்கிவிடும் ஏரி ட்ரவுட் மீன்கள் இக்காலத்தில் கரையோரத்துக்கும் மேற்பரப்புக்கும் வருவது இதனால்தான். மீன் எளிதில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களே படகில் இருப்பவருக்கு மிக ஆபத்தான வாரங்களாகவும் அமைகின்றன.

நீரில் விழுந்தால் உடலுக்கு என்ன நேர்கிறது?

குளிர்நீரில் விழுபவர் உறைந்து இறக்கிறார் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பல இறப்புகள் உடல் குளிர்ந்து போவதற்கு வெகு முன்பே நேர்ந்துவிடுகின்றன. இதனை எளிதில் நினைவில் கொள்ள ‘ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம்’ என்ற கணக்கைக் கனடாவில் குளிர்நீர்ப் பாதுகாப்புப் பயிற்சிகளில் கற்பிக்கின்றனர்.

முதல் நிமிடம் குளிர்நீர் அதிர்ச்சிக்கு உரியது. தோல் திடீரெனக் குளிர்வதால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் நீர் புகும். தொடர்ந்து மூச்சு வேகமாக வாங்கும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென உயரும். இந்த நிலை ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும். ஆகவே அந்நேரத்தில் நீந்த முயல வேண்டாம். வாயை நீருக்கு மேலே வைத்துக்கொண்டு, மூச்சு சீராகும்வரை மிதப்பதே உங்கள் ஒரே வேலை.

அடுத்த பத்து நிமிடங்கள், கைகால்கள் உங்கள் சொற்படி இயங்கும் காலம். விரல்கள் விறைப்பதற்குள் கவிழ்ந்த படகின்மேல் ஏறவோ, உடலில் இயன்ற அளவை நீரிலிருந்து வெளியே எடுக்கவோ, மற்றவர்களை அழைக்கவோ இந்நேரத்தைப் பயன்படுத்த வேண்டும். பிறகு தசைகள் செயலிழக்கும். கிணற்றிலும் குளத்திலும் இளமையில் நீந்திப் பழகியவர்கள், ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்று கூறுவதை அடிக்கடி கேட்கிறோம். நீச்சல் தெரிந்திருப்பது நல்லதே. ஆனால் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் நீந்தக்கூடியவரும் 5 டிகிரி நீரில் சில நிமிடங்களிலேயே கையை உயர்த்த இயலாமல் போகலாம். கரை மிக அருகில் இருந்தாலொழியப் படகை விட்டு விலகக் கூடாது.

உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதே உடல் வெப்பக்குறைவு எனப்படும் ஹைப்போதெர்மியா. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அப்படியிருந்தும், உயிர்காப்பு அங்கி அணிந்த ஒருவர் உறைநிலையை ஒட்டிய நீரில் நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். மெலிந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது இன்னும் விரைவில் நேரும். மீட்பு வருவதற்குச் சிறிது காலம் இருக்கிறது என்பதே இதன் பொருள். அக்காலத்தைத் தருவது அங்கிதான். இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கியைக் குளிர்நீரில் விழுந்த பின் எடுத்து அணிவது பெரும்பாலும் இயலாது. படகில் ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். அதை அணிந்திருப்பதே பயன் தரும்.

அங்கி மட்டுமே போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1978ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று ஒன்டாரியோ, கியூபெக் எல்லையில் உள்ள டிமிஸ்காமிங் ஏரியில் ஒரு பள்ளியின் கேனோ குழு கவிழ்ந்ததில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தனர். அது ஜூன் மாதம் என்பதைக் கவனியுங்கள். கரையை ஒட்டியே துடுப்பு வலிப்பது, பிற்பகலில் காற்று எழுவதற்கு முன் பயணத்தை முடித்துக்கொள்வது, அகன்ற ஏரியைக் குறுக்கே கடக்காதிருப்பது ஆகிய மூன்றும் எந்தக் கருவியைவிடவும் மேலான பாதுகாப்பு. படகில் எழுந்து நிற்க வேண்டாம். மீனை வலையில் எடுக்கும்போதும், சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டியது, சிறுநீர் கழிக்கும்போதும்தான் பலர் நிலைதடுமாறி விழுகின்றனர். அதற்கென ஒரு போத்தலை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இதயநோய் உள்ளவர்கள்

குளிர்நீர் அதிர்ச்சி இதயத்தை விரைவுபடுத்துகிறது. முகம் நீரில் மூழ்கும்போது எழும் அனிச்சைச் செயலோ இதயத்தின் வேகத்தைக் குறைக்க முயல்கிறது. இவ்விரு எதிரெதிர்க் கட்டளைகளும் ஒரே நேரத்தில் வருவதால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறலாம். இதயத் தமனி நோயோ துடிப்புக் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். படகையும் மூட்டைகளையும் சுமந்து மேட்டில் ஏறுவதும் கடும் உழைப்பே. பயணத்தைத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் “மலைப்பாதையில் 20 கிலோகிராம் எடையைச் சுமக்கலாமா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘சுற்றுலா போகலாமா’ என்ற பொதுவான கேள்விக்குப் பொதுவான விடையே கிடைக்கும்.

நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மருந்தைப் பையில் வைக்காமல் உடலோடு வைத்திருக்க வேண்டும். எல்லா மருந்துகளையும் இரண்டாகப் பிரித்து, நீர் புகாத இரண்டு பைகளில் இட்டு, வெவ்வேறு படகுகளில் வையுங்கள். ஒரு படகு கவிழ்ந்தாலும் மற்றதில் மருந்து இருக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள்

பராமரிப்பாளர்கள் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இது. தடுமாறி நடத்தல், குழறிப் பேசுதல், கையிலுள்ளதை நழுவவிடுதல், காரணமின்றி எரிச்சல்படுதல் ஆகியவை உடல் வெப்பக்குறைவின் தொடக்க அறிகுறிகள். இரத்தச் சர்க்கரை தாழும்போதும் இவையே தோன்றும். நாள் முழுவதும் துடுப்பு வலிப்பதும் குளிரில் நடுங்குவதும் சர்க்கரையை விரைவில் செலவழிப்பதால், இரண்டும் சேர்ந்தே வரவும் கூடும். முதலில் சர்க்கரை அளவைச் சோதியுங்கள். குளிர்ந்த குளுக்கோமீட்டர் இயங்காமலோ தவறான அளவைக் காட்டியோ ஏமாற்றலாம். அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிய பின் பயன்படுத்துங்கள். சோதிக்க இயலாவிட்டால், அவர் விழிப்புடன் இருந்து விழுங்கவும் முடிந்தால், சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பானத்தைக் கொடுங்கள். இரு நிலைகளுக்கும் அது உதவும்.

மே மாத இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே செல்வது உண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின், மீண்டும் உருகினாலும் பயன்படாது. பகலில் உள்சட்டைப் பையிலும் இரவில் உறக்கப் பைக்குள்ளும் அதை வைத்திருங்கள். ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசிக்கும் இது பொருந்தும். ஆஸ்துமா இன்ஹேலரும் குளிர்ந்துவிட்டால் மருந்தைச் சரியாக வெளியேற்றாது.

நீரிலிருந்து மீட்ட பின் என்ன செய்ய வேண்டும்?

மீட்கப்பட்டவரைக் காற்றுப் படாத இடத்தில் படுக்க வையுங்கள். எழுந்து நடந்தால் சூடாகிவிடும் என்பது தவறான எண்ணம். கைகால்களில் தேங்கிய குளிர்ந்த இரத்தம் இதயத்தை நோக்கித் திரும்புவதால் உள்வெப்பநிலை மேலும் இறங்கும். இரத்த அழுத்தமும் சரியலாம். நடுங்கிக்கொண்டிருப்பவரையும் குறைந்தது அரை மணி நேரம் படுக்க வைத்த பின்னரே எழுப்ப வேண்டும்.

ஈர உடைகளைக் களைந்து, தேவைப்பட்டால் கத்தரித்து எடுத்து, உலர்ந்த உறக்கப் பையில் அவரைச் சுற்றுங்கள். அடியில் பாய் அல்லது படுக்கை விரிப்பு அவசியம். தரை, மேலுள்ள காற்றைவிட அதிகமாக வெப்பத்தை உறிஞ்சும். வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். மது கொடுக்கவே கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடாக இருப்பதுபோன்ற உணர்வைத் தந்தபடியே உடலின் வெப்பத்தை வெளியேற்றும். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் உயிருக்கு ஆபத்தானது. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குபவர்களைக் கொன்றுவிடும்.

நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடிக்கொண்டிருக்கிறது. குளிர் தீராமலே நடுக்கம் நின்று, அவர் மந்தமாகிவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று கொள்ளுங்கள். அத்தகையவரை மிக மெதுவாகக் கையாள வேண்டும். முரட்டுத்தனமான ஓர் அசைவுகூட இதயத் துடிப்பைக் குலைக்கலாம். மூச்சையும் நாடியையும் ஒரு முழு நிமிடம் பாருங்கள். இல்லையெனில் செயற்கைச் சுவாசத்துடன் மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள். உடல் விறைத்து வெளிறியிருப்பதை மட்டும் கண்டு முயற்சியைக் கைவிட வேண்டாம். 1999ஆம் ஆண்டு நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கி, உடல் வெப்பம் 13.7 டிகிரிவரை இறங்கிய ஒரு பெண் மருத்துவர் உயிர் பிழைத்தார்.

இப்பகுதியின் உட்புறத்தில் பெரும்பாலும் கைப்பேசி இணைப்பு கிடைக்காது. செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் கருவி ஒன்றை, உயிர்காப்பு அங்கியில் இணைத்து எடுத்துச் செல்லுங்கள். செல்லும் பாதை, திரும்பும் நாள் ஆகியவற்றோடு நோயாளியின் மருந்துப் பட்டியலையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

தூண்டில் முள், குடிநீர், மீன்

தூண்டில் முள் கண்ணில் தைத்தால் அதைத் தொடாமல், மேலே அழுத்தம் படாதவாறு ஒரு குவளையால் மூடி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள், முள் ஆழமாகத் தைத்திருந்தால் தாமாகப் பிடுங்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி பத்து ஆண்டுகளுக்குள் போட்டதா என்பதைப் புறப்படும் முன்பே பாருங்கள். ஏரி நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி அதில் இருக்கலாம். ஒரு நிமிடம் நன்கு கொதிக்க வைத்துக் குடியுங்கள். மீனை நன்கு வேகவைத்தால் நாடாப்புழுத் தொற்று ஏற்படாது. பாதரசம் மட்டும் சமைப்பதால் நீங்குவதில்லை. ஆகையால் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் எந்த ஏரியின் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்பதை ஒன்டாரியோ அரசின் மீன் உணவு வழிகாட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய பின்

நீரில் மூழ்கி மீண்டவர் நலமாகத் தோன்றினாலும், அடுத்த சில மணி நேரங்களில் இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே 911ஐ அழைக்கவும் அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவும். அவர் எவ்வளவு நேரம் நீரில் இருந்தார், தலை மூழ்கியதா, அன்று எந்தெந்த மருந்துகளை எடுத்துக்கொண்டார் என்பதை அங்குள்ள மருத்துவரிடம் தெரிவியுங்கள்.