அணையாத மஞ்சள் விளக்கு

சரக்கு வண்டி ஒன்றையே நம்பி வாழும் குடும்பங்கள் நம்மவரிடையே பல உண்டு. லாரித் தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து வந்து இங்கே தொழில் நடத்துவோரும் உளர். பிழைப்பைத் தேடி வந்தபின் பழைய வண்டி ஒன்றைக் கடனுக்கு வாங்கி ஓட்டுவோரும் உளர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போயிற்று. கடன் தவணையோ நிற்பதில்லை. ஆகவே, ஓட்டுநரின் எதிரிலுள்ள பலகையில் எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கி, பட்டறைக்குப் போய்வந்த பின்னும் அணையாதிருந்தால், அவ்வீட்டில் எழும் கவலை சிறிதன்று. கூட்ஸ் ஷெட்டில் பணிபுரியும் எனக்கு, சரக்கெடுக்க வரும் வண்டிக்காரர்கள் வாயிலாக இக்கவலை நன்கு பழக்கமானது. அவர்களோடும் மெக்கானிக்குகளோடும் பேசி அறிந்தவற்றை அன்பர்களுக்குப் பயன்படுமென்று இங்கே தொகுத்துரைக்கிறேன்.

‘செக் எஞ்சின்’ என்னும் இவ்விளக்கு காற்று மாசைத் தடுக்கும் முயற்சியில் பிறந்தது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல் முதல், கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் தம் பழுதைத் தாமே கண்டறிந்து, ஒரே விதமான எண்களால் தெரிவிக்க வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பரவியது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 அதன் இடத்தைப் பிடித்தது. வெறும் இயந்திர பம்பினால் டீசலைப் பீய்ச்சிய அக்காலத்து லாரிகளில் இவ்விளக்கே கிடையாது. இன்று ‘பழைய வண்டி’ என்று கைமாறுபவற்றில் பல, 2017-க்கும் 2020-க்கும் இடையே விற்பனையானவை. இந்த விளக்கின் தொல்லையை அதிகம் கேட்பது இவற்றில்தான்.

இது வேலை செய்யும் முறை எளிது. எஞ்சினை ஆள்வதற்கென்று வண்டியினுள் ஒரு சிறு கணினி உண்டு; ஈ.சி.யூ. என்பர். காற்றின் அளவு, டீசலின் அழுத்தம், தண்ணீரின் சூடு முதலியவற்றைப் பல சென்சார்கள் அதற்கு இடையறாது அறிவிக்கின்றன. வந்த அளவு எதிர்பார்த்த அளவோடு பொருந்தாவிடில், கணினி ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பின்னரே விளக்கு எரியும். எண்ணை அறிய ஸ்கானர் என்னும் கருவியைப் பலகைக்குக் கீழுள்ள இணைப்பில் பொருத்திப் பார்ப்பர்.

இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். கணினி குறிப்பது நோயின் அறிகுறியை, நோயை அன்று. பி 0401 என்றால், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியில் போதிய ஓட்டம் இல்லை என்பது பொருள். வால்வில் கரி படிந்திருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம். பி 0087 என்றால் டீசல் அழுத்தம் குறைவு. விலையுயர்ந்த பம்பும் காரணமாகலாம்; சில நூறு ரூபாய் விலையுள்ள அடைபட்ட டீசல் பில்டரும் காரணமாகலாம். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ‘சென்சார் கராப்’ என்று மிஸ்திரி புதுச் சென்சாரை மாட்டுவதும், இரண்டு நாளில் விளக்கு மீண்டும் எரிவதும், ஒவ்வொரு முறையும் பணம் கரைவதும் இதனால்தான்.

எங்கள் ஷெட்டுக்கு வரும் அண்ணாச்சி ஒருவரின் டீசல் வண்டிக்கு இவ்வாறே நேர்ந்தது. விளக்கு எரிந்தது; எண் பி 0299. டர்போ தரும் காற்றழுத்தம் வேண்டிய அளவுக்கு இல்லை என்பது அதன் பொருள். ஒரு பட்டறையில் சென்சாரை மாற்றினர், பயனில்லை. அடுத்த பட்டறையில் டர்போவையே மாற்ற வேண்டும் என்றனர். அதற்கு ஆகும் தொகை அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணத்தை விழுங்கிவிடும். அந்நிலையில்தான் வயது முதிர்ந்த தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போயிற்று.

அவர் ஸ்பானரைத் தொடுமுன் ஸ்கானரில் வேறொரு பக்கத்தைப் பார்த்தார். பழுது குறிக்கப்பட்ட அந்தக் கணத்தில் வண்டியின் வேகம் என்ன, எஞ்சினின் சுற்று என்ன, பளு என்ன, தண்ணீரின் சூடு என்ன என்பதைக் கணினி அப்படியே பதிந்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது அதன் பெயர். பளு மிக அதிகம், வேகமோ குறைவு என்று அப்பதிவு காட்டியது.

“அண்ணாச்சி, லோடோட மேடு ஏறும்போதுதான் இது வருதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. மேட்டில இழுவை இல்ல. கரும்புகையும் வருது. காலியாப் போனா ஒண்ணும் தெரியல.”

“அப்போ டர்போவத் தொடுறதுக்கு முன்னால காத்துக் குழாயைப் பாத்துருவோம்.”

டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயின் அடிப்புறத்தில், கிளாம்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. வண்டி சும்மா நிற்கையில் விரிசல் மூடிக்கொள்ளும். பளுவில் அழுத்தம் ஏறுகையில் குழாய் உப்பி, விரிசல் வாய் திறக்கும். சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. டர்போவும் தன் வேலையைச் செய்திருக்கிறது. குழாயை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது.

இதிலிருந்து ஆராயும் முறை ஒன்று தெளிவாகிறது. முதலாவதாக, எண்ணையும் அக்கணத்துப் பதிவையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அழித்துவிட்டால் பதிவும் போய்விடும். இரண்டாவதாக, விளக்கு எப்போது எரிகிறது, காலையிலா, மழையிலா, பளுவிலா என்பதை ஓட்டுநர் கூற வேண்டும். மூன்றாவதாக, பாட்டரியைச் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரி நன்கு சார்ஜாகி ஓய்விலிருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.5 வரையிலும் காட்டும். 24 வோல்ட் லாரிகளில் இதைப்போல் இருமடங்கு. மின்சாரம் தடுமாறினால் கணினியும் தடுமாறித் தொடர்பற்ற பல எண்களை ஒருங்கே காட்டும். நான்காவதாக, எர்த் ஒயர், பியூஸ், துருப்பிடித்த இணைப்பு, எலி கடித்த ஒயர் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். கிடங்கருகே நிறுத்தும் வண்டிகளுக்கு எலி பெரும்பகை. ஐந்தாவதாகவே பில்டர், குழாய், வால்வு. சென்சாரையும் டர்போவையும் பம்பையும் கடைசியில்தான் தொட வேண்டும். கார்களுக்கென்று விற்கும் மலிவான ஸ்கானரை 24 வோல்ட் லாரியில் மாட்டலாகாது. அதற்கு ஏற்றதுதானா என்று பார்த்தே மாட்ட வேண்டும்.

எண்ணை மட்டும் அழித்து விளக்கை அணைத்துவிட்டு, ‘சரியாயிற்று’ என்று காசு வாங்குவோர் உண்டு. பழுதான வாகனில் எங்கள் ரயில்வேயார் ‘ஸிக்’ என்று சீட்டு ஒட்டுவார்கள். சீட்டைக் கிழித்தெறிந்தால் வாகன் குணமாகிவிடுமா? உண்மையில் பழுது நீங்கினால், பெரும்பாலும் மூன்று ஓட்டங்கள் குறையின்றி முடிந்ததும் விளக்கு தானே அணைந்துவிடும். அதுவே நம்பத்தக்க சான்று. பல்பைக் கழற்றுவதும், புகை வடிகட்டியைப் பிடுங்கி எறிவதும் இதைவிடக் கேடு. சட்டப்படி குற்றமாவதன்றி, அப்புகையை நாள்தோறும் சுவாசிப்போர் நம் வீட்டுக் குழந்தைகளே.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியின் இழுவையிலும் ஓசையிலும் மாறுதல் இல்லையேல், நிதானமாகப் பட்டறைக்குச் செல்லப் பொழுதுண்டு. பெட்ரோல் வண்டியில் அது விட்டுவிட்டு மின்னினால், எஞ்சின் சரிவர எரியாமல் சைலன்ஸர் வழியிலுள்ள மாசுநீக்கியைக் கெடுக்கிறதென்று கொண்டு வேகத்தைத் தணித்து, விரைவில் நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, தண்ணீரின் சூடு எல்லை மீறினாலோ, அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பதே அறிவுடைமை.

பாஷை சரளமாக வராத ஊரில் பட்டறைக்காரரிடம் வாதிட நம்மவர் கூசுவர். நீண்ட வாதம் வேண்டியதில்லை. எண் என்ன, எழுதித் தாருங்கள். இந்தப் பாகம்தான் கெட்டதென்று எதைச் சோதித்து அறிந்தீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கொடுங்கள். இம்மூன்றையும் அவ்வூர்ப் பாஷையில் மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும். நேர்மையான மிஸ்திரி இவற்றுக்கு மகிழ்ச்சியோடு விடை கூறுவார். விடை கூற மறுப்பவரிடம் வண்டியை விட்டுவராமலிருப்பதே குடும்பத்துக்கு நலம்.