பாரம் இழுக்கும் பிக்கப் வாகனமும் யூரியாக் கரைசலும்

நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் புதிய வகை டீசல் பிக்கப் வாகனங்கள் சிலவற்றில், டீசல் தாங்கியைத் தவிர, பெரும்பாலும் நீல மூடியுள்ள சிறிய தாங்கியொன்றும் உண்டு. அதில் ஊற்றப்படுவது 'அட்புளூ' முதலிய பெயர்களில் விற்கப்படும் யூரியாக் கரைசலாகும். பாரப்பெட்டியைப் பூட்டி இழுக்கும்போது இக்கரைசல் விரைவாகக் குறையும். அதனைக் கண்டு தாங்கி ஒழுகுகின்றதோ என ஐயுறுதலும், வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றலாமென எண்ணுதலும் இயல்பே. இவ்விரண்டையும் பற்றிக் கமக்காரர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

கரைசலின் தொழில்

இக்கரைசலில் நிறைப்படி நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா; எஞ்சியது கனிப்பொருள் நீக்கிய நீர். எஞ்சினுள் வெப்பம் மிகும்போது வளியிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகளாகின்றன. இவை சுவாசத்துக்குத் தீங்கானவை. சூடான புகைக்குழாயினுள் கரைசல் சிவிறப்படுமிடத்து யூரியாவிலிருந்து அமோனியா உண்டாகும். அது ஊக்கியின்மேல் ஒட்சைட்டுகளுடன் தாக்கமுற்று அவற்றை நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றும்.

பாரம் இழுக்கையில் செலவு கூடுவதேன்?

பாரம் இழுக்கும் எஞ்சின் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கூடுதலான டீசலை எரிக்கும். வெப்பம் உயர்வதால் ஒட்சைட்டுகளும் பெருகும். அவற்றை நீக்கக் கரைசலும் கூடுதலாக வேண்டும். உதாரணமாக, வெறும் வாகனம் 100 கிலோமீற்றருக்கு 10 இலீற்றர் டீசலும், அதில் நூற்றுக்கு 3 பங்கு கரைசலும் செலவிடுமாயின், கரைசற் செலவு 300 மில்லிலீற்றர். பாரத்துடன் 16 இலீற்றர் டீசலும், நூற்றுக்கு 5 பங்கு கரைசலும் செல்லுமாயின் அது 800 மில்லிலீற்றராகும். எனவே 10 இலீற்றர் கரைசல் முன்னர் ஏறக்குறைய 3,300 கிலோமீற்றருக்கும், பின்னர் 1,250 கிலோமீற்றருக்குமே போதும். இது ஒழுக்கன்று. ஆயினும் குழாய்ப் பொருத்துகளில் வெண்ணிறப் பளிங்குகள் படிந்திருப்பின் கசிவு உண்டெனக் கொள்க.

வயல் யூரியா ஏன் ஆகாது?

பசளை யூரியாவில் பையூரெற்று என்னும் பொருள் கூடுதலாக உண்டு. மணிகள் கட்டிபடாதிருக்கச் சேர்க்கும் பொருள்களும் இருக்கலாம். கிணற்றுநீரில், சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரில், கல்சியம் மிகுதி. இவை சிவிறியை அடைத்து ஊக்கியையும் கெடுக்கும். ஒரு பை யூரியாவால் மிச்சம்பிடிக்க முயன்று, ஒரு போகத்து வருமானத்தைத் திருத்தவேலைக்குக் கொடுக்க நேரலாம்.

கவனிக்க வேண்டியவை

1. அறுவடைக் காலத்தில் பாரப்பெட்டி பூட்டுமுன் கரைசலின் அளவைப் பார்க்குக. அது முற்றாகத் தீர்ந்தால் பல வாகனங்களில் எஞ்சினின் வலு குறையும், அல்லது நிறுத்திய எஞ்சின் மீண்டும் இயங்காது.

2. ஐ.எஸ்.ஓ. 22241 எனக் குறிக்கப்பட்ட, முத்திரை உடையாத கலன்களையே வாங்குக.

3. நிழலில் வைத்திடுக. 30 பாகை செல்சியசில் ஏறக்குறைய 12 மாதமும், 35 பாகையில் 6 மாதமுமே கரைசல் தரம் கெடாதிருக்கும்.

4. செம்பு, பித்தளை, நாகம் பூசிய வாளிகளிலும், கிருமிநாசினி அளந்த பாத்திரங்களிலும் ஊற்றலாகாது.

5. டீசல் தாங்கியில் தவறிக் கரைசலை ஊற்றினால் எஞ்சினை இயக்காது, பொறிவல்லுநரை அழைத்திடுக.

6. சிந்திய கரைசலை உடனே நீரால் கழுவுக.

வயல் யூரியா பயிருக்கே உரியது. வாகனத்துக்கு அதற்குரிய கரைசலையே இடுக.