நாவை வெல்ல வழி ஒன்றுதானா?

தீபாவளி கழிந்து இரண்டு நாட்கள் ஆகியிருக்கும். விருந்தினர் விடைபெற்றுச் சென்றுவிட்டனர், வீடு உறங்குகிறது. சமையலறையில் மட்டும் பட்சண டப்பாவின் மூடி ஓசையின்றித் திறக்கப்படுகிறது. பசி இல்லை, சுவையும் தெரியவில்லை. ஆயினும் கை நிற்க மறுக்கிறது. விடியும்போது எஞ்சுவன வயிற்றின் பாரமும், எவரிடமும் சொல்லவொண்ணாத வெட்கமுமே. சுற்றத்தைப் பிரிந்து வந்து வாழும் நம் இல்லங்களில் இத்துயரம் இல்லையென்று யார் துணிந்து கூறுவர்?

இதனைப் ‘பெருந்தீனி’ என்று எள்ளி ஒதுக்குதல் எளிது. ஆனால், தன்வசமின்றி அளவு மீறி உண்பதும், பின்னர் அதற்காக மனம் குமைவதும் அடிக்கடி நிகழுமாயின் அது ஒரு நோயே. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாகவே வகுத்துக் குறித்தது. அளவறிந்து உண்ணவேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. வள்ளுவர் அதனை ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். ஆக, அறிவு இருக்கிறது. நிறுத்தும் ஆற்றல்தான் இல்லை. அவ்வாற்றலை இறைநெறியில் நாடுவோர் பலர். அந்நெறி எல்லோர்க்கும் ஒன்றாகவே இருக்கவேண்டுமா என்பதே நம் கேள்வி.

நம் புனேயின் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, 1942-இல் காந்தியடிகள் ஆரோக்கியம் பற்றி ஒரு நூல் எழுதினார். உணவை நாவின் இன்பத்திற்காக அன்றி மருந்தெனக் கொள்ளவேண்டும் என்றார். 1943-இல் அங்கேயே 21 நாட்கள் உண்ணாநோன்பும் இருந்தார். இத்தகையவருக்கு நாவினால் என்ன தொல்லை என்று நமக்குத் தோன்றும். அவருடைய சுயசரிதையோ வேறு கதை கூறுகிறது. 1918-இல் வயிறு நலமின்றி இருந்த வேளையில் ஒரு பண்டிகை வந்தது. உண்பதில்லை என்று சொல்லியிருந்தவர், கஸ்தூரிபா ஆக்கிவைத்த இனிய கோதுமைக் கஞ்சியைக் கண்டு, சிறிதே உண்போமென அமர்ந்து, வயிறு நிரம்ப உண்டுவிட்டார். அன்று பற்றிய சீதபேதி அவரைச் சாவின் வாயில் வரை கொண்டு சென்றது.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1915-இல் ஹரித்துவாரத்தில், நாளொன்றுக்கு ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார். விரதம் பூண்டவரும் இடறினார். ஆனால் விரதத்தைக் கைவிடவில்லை, இடறியதை ஒளிக்கவும் இல்லை. அவருடைய இயல்புக்கு விரதம் ஒரு கவசம். வேறொருவருக்கு அதுவே விலங்காகலாம். எதிலும் குறையே கூடாது என்போர், ஒரு லட்டு தின்றவுடன் ‘விரதம் முறிந்தது’ என்றெண்ணி டப்பாவையே காலிசெய்வதைக் காண்கிறோம் அல்லவா? அவர்கள் பழகவேண்டிய தவம் கடுமையன்று. தம்மைத் தாமே மன்னித்து, அடுத்த வேளை உணவை வழக்கம்போல் உண்பதே.

மனிதரின் இயல்பு பலவாதலின் வழியும் பலவாதல் வேண்டும் என்று போதித்தவர் விவேகானந்தர். 1892-இல் அவர் இதே புனேயில் திலகரின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருந்தார். செயல், பக்தி, தியானம், ஞானம் என அவர் விளக்கிய நான்கு யோகங்களை நம் துயருக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

துக்கம் வந்தால் உண்ணும் உணர்ச்சி மிக்கவருக்குத் தனிமையே பகை. அவருக்குக் கூட்டு வழிபாடும் நாமசங்கீர்த்தனமும் துணையாகும். ஆண்டுதோறும் நம் நகரில் தங்கிச் செல்லும் பண்டரிபுரப் பல்லக்குகளின் பின் பாடி நடப்போரைக் கண்டவர்க்கு இது விளங்கும். கை ஓய்ந்தால் வாய் அசையும் இயல்பினர், மாலை வேளையில் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கலாம். எதையும் ஆராய்பவர், எப்போது, எந்த மனநிலையில் உண்டோம் என்று குறித்து வரட்டும். ஆனால் அறிந்ததோடு நின்றுவிடலாகாது. பதற்றம் மிக்கவர் உண்ணுமுன் சற்றே மூச்சை நிதானித்து அமரலாம். ஒருவரிடமே பல இயல்புகள் கலந்திருப்பதும் உண்டு.

இயல்பு எதுவாயினும் ஒன்று பொது: மறைப்பு நீங்கவேண்டும். 1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மிகையாக உண்போர் தமக்குள் ஒரு சங்கம் கண்டனர். குடிநோயாளர் சங்கத்தின் பன்னிரு படிகளையே அவர்கள் மேற்கொண்டனர். தம் இயலாமையை ஒப்புக்கொள்வதும், குறைகளை மற்றொருவரிடம் மனந்திறந்து கூறுவதும் அப்படிகளில் அடங்கும். அங்கும் இறைவனை அவரவர் உணர்ந்தவாறே கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: இறைநெறி மருத்துவத்திற்கு மாற்றன்று. நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது உபவாசம் இருத்தல் ஆபத்து. தம்மை அடக்க இயலாது தவிப்போர் மனநல மருத்துவரை நாடுவதில் இழுக்கேதும் இல்லை.

இல்லத்தாருக்கும் ஒரு சொல். நள்ளிரவில் அந்த மூடியின் ஓசை கேட்டால், ‘இன்னுமா?’ என்று கேளாதீர்கள். அருகில் சென்று அமர்ந்து, ‘மனசுக்கு என்ன?’ என்று கேளுங்கள். அவரவர்க்குரிய வழி அங்கே தொடங்கக்கூடும்.