ஒரு வெள்ளி நோட்டும் ஓடும் பாதமும்

பிரிக்பீல்ட்ஸில் தேநீர் குடித்துவிட்டு மீதிச் சில்லறை வாங்கும்போது ஒன்று செய்து பாருங்கள். ஒரு வெள்ளி நோட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் ஐந்து காசை வையுங்கள். நோட்டு தொய்ந்து காசு விழுந்துவிடும். அதே நோட்டை அகலவாக்கில் கூரை ஓடு போல லேசாக வளைத்துப் பிடித்தால் காசு நிற்கும்.

நம் பாதமும் இப்படித்தான் விறைப்பாகிறது. குதிகாலிலிருந்து விரல்வரை செல்லும் நீள வளைவைத்தான் எல்லோரும் அறிவோம். பாதத்தின் குறுக்கே இன்னொரு வளைவு இருக்கிறது. விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் அதுவே தருகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் அவர் குழுவினரும் 2020இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

26 எலும்புகள் கொண்ட பாதம் ஒரே அடியில் இரண்டு வேலை செய்கிறது. தரையில் படும்போது கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டு உட்புறமாகச் சாய, நீள வளைவு தாழ்ந்து அதிர்வை வாங்கிக்கொள்கிறது. உந்திக் கிளம்பும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்க, உள்ளங்காலின் தடித்த நார்ப்பட்டை இழுபட்டு வளைவை மறுபடி தூக்கிவிடுகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் செலவாகும் இயக்க ஆற்றலில் ஏறத்தாழ 35 சதவீதத்தைக் குதிகால் தசைநாணும், 17 சதவீதத்தைப் பாத வளைவும் வில் போலத் தேக்கித் திருப்பித் தருவதாக 1987இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பாதி ஆற்றல் இனாமாகக் கிடைக்கிறது!

இந்த வில்லை முழுக்க வளைத்தவர் நம் மலேசிய விரைவோட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசன். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அது தேசியச் சாதனையாக 2017 வரை நின்றது. விரைவோட்டக்காரரின் குதிகால் தரையில் அழுந்துவதே இல்லை. முன்பாதம் தொட்டதும் கெண்டைக்காலும் தசைநாணும் இறுகி உடலை மேலே வீசுகின்றன.

1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் வேகநடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றாரே, அவருக்கு இந்த வசதி கிடையாது. வேகநடையில் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும்; முன்னே வைத்த கால், பாதம் தரையில் பட்டதிலிருந்து உடலுக்கு நேர் கீழே வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. துள்ளலுக்கே இடமில்லை. விரல்களைத் தூக்கிக் குதிகாலை ஊன்றி, பாதத்தை மெல்ல இறக்க வேண்டும். அந்தப் பாரம் முழுவதும் முழங்காலுக்குக் கீழே முன்புறமுள்ள தசைமேல் விழும். சற்று வேகமாக நடந்துபார்த்தாலே அங்கே எரியத் தொடங்கும். அவர் நாலு மணி நேரத்துக்கு மேல் நடந்தார். ஓட்டத்தைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தனை வேலை செய்யும் பாதத்தை மூடிக்கொண்டு, கிள்ளான் திடல்களில் நாலு வயதுப் பிள்ளைகளும் தடித்த சப்பாத்தோடு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. தென்னிந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து, முடிவை 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்கு வளைவு தாழ்ந்த தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். நீரிழிவால் கால் மரத்த பெரியவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பிள்ளைகள் அப்படியல்ல. கண்ணாடித் துண்டு, ஆணி கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாலையில் கொஞ்ச நேரம் புல்லில் வெறுங்காலோடு ஓட விடுங்கள்.