உஷார்! இந்த நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது

"உங்க பொண்ணுக்கு பார்டர்லைன் பெர்சனாலிட்டி. மூளையில இணைப்பு சரியில்ல. ஒரு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. எடுத்துட்டா எங்கே கோளாறுன்னு தெரிஞ்சிடும்." இப்படி யாராவது சொன்னால் முதலில் பர்ஸை உள்ளே வையுங்கள். ரீல்ஸில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருபவர் சொன்னாலும் சரி, நேரில் கோட்டு மாட்டியவர் சொன்னாலும் சரி. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு எனப்படும் பி.பி.டி.யை உறுதிப்படுத்தும் ஸ்கேன் உலகில் எங்கும் இன்னும் வரவில்லை.

இதில் வம்பு என்னவென்றால், சொல்கிறவர் முழுப் பொய் சொல்வதில்லை. மூளையின் உள்ளே இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. பயம், ஆபத்து என்றால் முதலில் துள்ளுவது அதுதான். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிகள் அதை அடக்கி வழிக்குக் கொண்டுவரும். பி.பி.டி. உள்ளவர்களைப் படமெடுத்த பல ஆய்வுகளில் அமிக்டலா அதிகமாகத் துள்ளியிருக்கிறது. இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான ஒத்திசைவும் மாறியிருக்கிறது. கோபமோ சிரிப்போ இல்லாத சாதாரண முகத்தைக் காட்டினாலே அவர்களில் பலருக்கு அது மிரட்டலாகத் தெரிகிறது.

ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. நோயுள்ளவர்கள் ஒரு குழு, இல்லாதவர்கள் ஒரு குழு என்று வைத்துச் சராசரி போட்டால் வித்தியாசம் வரும். ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டு குழுவும் கலந்து கிடக்கும். உங்கள் பெண்ணின் படத்தைத் தனியாக எடுத்து வைத்து எந்தக் குழு என்று சொல்ல ஆளில்லை. போதாக்குறைக்கு, ஓர் ஆய்வில் இணைப்பு குறைவு, இன்னொன்றில் கூடுதல். பங்கேற்றவர்களில் பலருக்கு மனச்சோர்வும் இருந்தது, பலர் மாத்திரையும் சாப்பிட்டார்கள். எது எதனால் வந்தது என்று பிரிப்பது லேசல்ல. மூளைப் படத்தையும் மனிதக் குணத்தையும் நம்பகமாகப் பொருத்திப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. பி.பி.டி. ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்து நடந்தவை.

படத்தில் மின்னும் சிவப்பு, மஞ்சளைக் கண்டும் மயங்க வேண்டாம். அது கேமரா பிடித்த நிறமல்ல. ரத்த ஆக்ஸிஜன் மாற்றத்தைக் கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் பூசியது. கணக்கு தப்பினால் என்ன ஆகும்? 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் கிரேக் பென்னட்டும் சகாக்களும் செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று கேட்டார்கள். புள்ளிவிவரத் திருத்தம் செய்யாதபோது மீனின் மூளை 'வேலை செய்தது'! திருத்தியதும் அது மறைந்துபோனது. 2012-ல் இதற்கு, சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது.

எனக்கு இதைவிடப் பயமாக இருப்பது நேர்மாறான கூத்து. ஆஸ்பத்திரியில் வழக்கமான எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். "மூளையில ஒண்ணுமில்ல, எல்லாம் நடிப்பு" என்று வீடே தீர்ப்பு எழுதிவிடும். அந்த ஸ்கேன் கட்டியைத் தேடும், ரத்தக்கசிவைத் தேடும். வலிப்போ திடீர்க் குழப்பமோ இருந்து டாக்டர் எடுக்கச் சொன்னால் கட்டாயம் எடுங்கள். ஆனால் மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்களோ என்று நடுங்கும் பி.பி.டி. மனசு அந்த ஸ்கேனில் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க மனநல மருத்துவர் உட்கார்ந்து, பழைய கதை முழுவதையும் கேட்க வேண்டும். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து நீண்டகாலமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் பெயர் சூட்டுகிறவரிடமும் உஷார்.

"மூளையே அப்படி, மாறாது" என்பவரையும் நம்பாதீர்கள். பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனரினி குழு 290 நோயாளிகளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்ந்து தேறியவர்கள் பாதிப் பேர்தான். அதையும் மறைக்கக் கூடாது. மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இந்த நோயையே குணமாக்கும் மாத்திரை என்று ஒன்றில்லை. ஆகவே பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

கையைக் கிழித்துக்கொள்வது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு, இதையெல்லாம் 'டிராமா' என்று ஒதுக்காதீர்கள். இந்த நோயில் தற்கொலை ஆபத்து நிஜம். அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள்; எந்த நேரமும் 14416-ல் டெலி மானஸ் எடுக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. போன் போட்ட கையோடு வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எடுத்துப் பூட்டுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு யாரும் வெளியே போகாதீர்கள்.