நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு: பிறர்பணியும் வாழ்வின் நோக்கமும்

வாழ்வின் நோக்கம் யாது என்னும் வினா நம் சபைகளின் இளைஞரிடையே அடிக்கடி எழுகின்றது. படித்தும் வேலை கிட்டாதோர் கேட்கின்றனர்; நல்ல வேலையில் அமர்ந்தோரும் கேட்கின்றனர். போதகர்களாகிய நாம், பிறருக்கு உதவி செய்தால் வாழ்வுக்கு நோக்கம் கிடைக்கும் என்று கூறி அனுப்பிவிடுகின்றோம். இவ்விடை பொய்யன்று, ஆயினும் அதனுள் ஓர் இடறல் ஒளிந்திருக்கின்றது. என் வாழ்வு பொருள் பெறும்பொருட்டு நான் பிறருக்கு உதவுவேனாயின், அப்பிறர் எனக்கு யார்? என் தேவையை நிறைவேற்றும் கருவி அன்றோ?

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில் அமைந்துள்ள குயிலாப்பாளையம் இத்தகைய தேடலை நன்கறிந்த ஊராகும். 1968 பிப்ரவரி 28 அன்று இவ்வூரை அடுத்து ஆரோவில் தொடங்கப்பெற்றது. அந்நாளில் 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. அதுமுதல் வாழ்வின் பொருளைத் தேடும் பல நாட்டினர் இவ்வூர்த் தெருவழியே சென்றுவருகின்றனர். அவர்தம் மெய்யியலை ஆராய்வது ஈண்டு நம் வேலையன்று. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் தகும். தேடி வந்தோர் முதற்கண் கண்டது நிழலற்ற மேட்டையும், மழைதோறும் மேல்மண்ணைக் கடலுக்கு வாரிச் சென்ற ஓடைகளையுமே. எனவே வரப்பு எழுப்புவதும் மரம் நடுவதும் அவர்களின் முதல் வேலைகளாயின. சுற்றுக் கிராமத்தாரின் உழைப்பும் அதிற் கலந்தது. அவர்கள் நாடி வந்தது ஒன்று; நிலம் அவர்களிடம் கேட்டது வேறொன்று.

இதே மாவட்டத்தின் திண்டிவனத்தில், அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகட்கு முன்னர், ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே. அவரோ நோக்கம் எதையும் தேடி வந்தவரல்லர்.

திண்டிவனத்தில் ஓரிரவு

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவினின்று இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப்பணி ஆற்றியவர். தந்தையாரும் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவரே. குடும்பமே அருட்பணிக் குடும்பமாயிருந்தமையால் ஐடாவுக்கு அதில் சலிப்பே மிகுந்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில், பட்டினியால் வாடிய பிள்ளைகளின் வாயில் அப்பத் துண்டுகளை ஊட்டிய சிறுமி அவர். அக்காட்சிகள் அவரை இந்நாட்டினின்று விரட்டினவேயன்றி இதன்பால் ஈர்க்கவில்லை. அமெரிக்காவில் கல்வி கற்ற அவர், தாயாரின் நோய் காரணமாகவே 1890இல் திண்டிவனம் வந்தார். விரைவில் திரும்பிச் செல்வதே அவர் எண்ணம்.

அங்கே ஓரிரவில் நிகழ்ந்ததை நம்மிற் பலர் அறிவோம். பிராமணர் ஒருவர் வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவிக்கு உதவ ஐடாவை அழைத்தார். தாம் மருத்துவரல்லர் என்றும், தந்தையார் வருவார் என்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைக் காணலாகாது என்று கூறி அவர் திரும்பினார். பின்னர் இஸ்லாமியர் ஒருவர் அதே வேண்டுகோளோடு வந்தார். அவரையடுத்து உயர்குல இந்து ஒருவர் வந்தார். மூவரும் வெறுங்கையராய்த் திரும்பினர். மறுநாட் காலையில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்தமை தெரியவந்தது.

இந்நிகழ்ச்சியைப் பிரசங்கங்களில் எடுத்தாளும்போது நாம் உடனே வேலூர் மருத்துவமனைக்குத் தாவிவிடுகின்றோம். சற்று நிற்போமாக. மரித்த மூன்று பெண்களுக்கு ஐடாவின் அழைப்பினால் யாதொரு பயனும் விளையவில்லை. வழக்கமாகச் சொல்லப்படும் வரலாற்றில் அவர்களுக்குப் பெயரும் இல்லை. ஒருவருடைய வாழ்வு நோக்கம் பெறும்பொருட்டுக் கடவுள் மூவரைச் சாகவிட்டார் என்னும் பொருள்படப் பேசுவோமாயின், அது நற்செய்தி ஆகாது. அவர்களைக் கொன்றது கடவுளின் திட்டமன்று; பெண்களுக்குப் பெண் மருத்துவர் இல்லாமையும், ஆடவர் முன் வருதலைத் தடுத்த வழக்கமுமேயாம். ஐடா அன்று கேட்டது தம் வாழ்வின் பொருளைப் பற்றிய செய்தியையன்று. தம்மாற் செய்ய இயலாது போன ஒன்றையே கேட்டார். அதனாலேயே அவ்விரவு அவரை விடவில்லை.

உணர்ச்சியோடு நில்லாத அழைப்பு

மறுநாளே மருந்துப் பெட்டியோடு தெருவில் இறங்கியிருப்பின் அவரால் எவருக்கும் பயனிருந்திராது. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்கு வந்து சிறிய அளவில் பணி தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. கதவு தட்டப்பட்டதற்கும் அவர் மருத்துவராய்த் திரும்பியதற்கும் இடையே ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழிந்தன. கூட்டங்களிலே கண்ணீரோடு அர்ப்பணம் செய்யும் நம் இளைஞருக்கு இப்பத்தாண்டுகளைப் பற்றி நாம் போதிய அளவு சொல்வதில்லை. உவமையில் வரும் சமாரியனும் எண்ணெயும் திராட்சரசமும் கையிற் கொண்டிருந்தான். சத்திரக்காரனுக்குக் கொடுக்கப் பணமும் வைத்திருந்தான்.

இதனினும் முக்கியமானது, அவர் கண்ட அடுத்த தெளிவு. தாம் ஒருவர் எத்துணை உழைத்தாலும் திண்டிவனத்து இரவுகள் வேறு ஊர்களிலே தொடரும் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பெற்றன. பெண்கள் தேர்வில் தேறுவரோ என ஐயுற்றோர் பலர். முதல் வகுப்பின் 14 பெண்கள் 1922இல் மருத்துவராயினர். ஐடா தம்மைத் தேவையற்றவராக்கிக்கொள்ளும் பணியில் இறங்கினார் எனலாம். தம் வாழ்வுக்குப் பொருள் தேடும் பொருட்டே உதவுவோரால் இதைச் செய்தல் அரிது. உதவி பெறுவோர் என்றும் உதவி பெறுவோராகவே இருத்தல் அவர்களுக்குத் தேவையாகிவிடும். நம் சபைகளின் தருமப் பணிகள் சிலவற்றிலும் இந்நோய் உண்டு. ஆண்டுதோறும் அதே ஏழைகளுக்கு அதே சேலையை வழங்கி, அதே புகைப்படம் எடுத்துக்கொள்கின்றோம்.

அதே கல்லூரியின் மேரி வர்கீஸ் என்னும் மருத்துவரை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். 1954இல் நேர்ந்த சாலை விபத்தினால் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1966இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் உருவாக வழிசெய்தார். உதவுவோர், உதவி பெறுவோர் என்று மனிதரை இருவகையாய்ப் பிரிக்கும் நம் பழக்கத்துக்கு அவர் வாழ்வு இடந்தருவதில்லை.

புதிய உருவில் பழைய புண்ணியம்

இனி இறையியல் நோக்கில் இவ்விடறலை ஆராய்வோம். 1520இல் மார்ட்டின் லூத்தர் கிறிஸ்தவரின் சுயாதீனம் பற்றி எழுதிய நூலில் ஒரு கருத்தை வற்புறுத்தினார். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்பட்டவன் தன் மீட்புக்கென நற்செயல் புரியவேண்டிய தேவையில்லை. ஆகவே அவன் செயல்கள் யாவும் அயலானின் நன்மைக்கென விடுதலை பெறுகின்றன. சீர்திருத்தச் சபையினராகிய நாம் இதை மனப்பாடமாய் அறிவோம். ஆனால் மீட்பு இருந்த இடத்தில் வாழ்வின் நோக்கத்தை வைத்துப் பாருங்கள். மோட்சத்தை ஈட்ட நற்செயல் புரிந்த இடைக்கால மனிதனுக்கும், தன் வாழ்வின் பொருளை ஈட்ட நற்செயல் புரியும் நம் கால மனிதனுக்கும் வேறுபாடு சிறிதே. முன்வாயிலில் வெளியேற்றிய புண்ணியக் கணக்கு பின்வாயில் வழியே நுழைந்துள்ளது.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி தொடங்குவதும் தன் நித்திய வாழ்வைப் பற்றிய கேள்வியோடுதான். அயலான் எவன் என்று எல்லை கேட்ட அவனிடம், அடிபட்டவனுக்கு அயலானாய் ஆனவன் எவன் என்று ஆண்டவர் திருப்பிக் கேட்டார். கேள்வியின் மையம் அவனிடமிருந்து வழியோரத்தில் கிடந்தவனிடம் மாறியது. நாஜிகளின் முகாம்களில் துன்புற்ற வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கலும் இதற்கு அண்மையான கருத்தையே 1946இல் வெளியிட்டார். வாழ்விடம் நாம் எதிர்பார்ப்பதைவிட, வாழ்வு நம்மிடம் கேட்பதே முதன்மையானது என்றார். அவர் யூதர், நம் கோட்பாட்டுச் சொற்கள் அவருடையனவல்ல. ஆயினும் மனிதன் வினவுபவனாயன்றி வினவப்படுபவனாய் நிற்கின்றான் என்னும் பார்வை திருமறைக்கு அந்நியமானதன்று.

அங்ஙனமாயின் நோக்கம் தேடி வரும் இளைஞருக்கு என்ன சொல்வது? உள்ளத்தை இன்னும் ஆழமாய் ஆராயச் சொல்வதினும், அவர் தெருவில் எவர் கதவைத் தட்டினார் என்று கேட்பது நன்று. எந்த வேண்டுகோளை, இயலாது என்று கூறித் திருப்பி அனுப்பினார்? அதைச் செய்ய அவர் கற்கவேண்டியது யாது? பயிற்சிக்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும், அதற்குச் சபை எவ்வாறு துணைநிற்கும்? இவ்வினாக்களுக்கு ஒரே மாலையில் விடை கிடைத்துவிடாது. ஐடாவின் கதையை அவருக்குச் சொல்வதாயின், மூன்று கணவர்களும் தம் மனைவியரிடம் வெறுங்கையராய்த் திரும்பிய வழியையும் சேர்த்தே சொல்லவேண்டும்.