லாக்ஸ்டன் கிராமத்து வயல் மன்றம்

ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஓராண்டில் நிகழும் செய்திகளைத் தொகுத்துப் பார்ப்போர்க்கு அவை யாவும் மிகச் சிறியனவாகவே தோன்றும். தேவாலயத்தின் அருகிலோ, கிராம மண்டபத்தின் வாயிலிலோ நிற்கும் அறிவிப்புப் பலகையில் அவை ஒட்டப்பட்டிருக்கும். பெரிய பூசணிக்கும் வெங்காயத்துக்கும் வீட்டில் காய்ச்சிய பழப்பாகுக்கும் பரிசளிக்கும் காய்கறிக் கண்காட்சி, மாதர் சங்கத்தின் மாதக் கூட்டம், அறுவடை முடிந்தபின் நடைபெறும் நன்றி வழிபாடு, மண்டபத்தின் கூரையைச் செப்பனிடப் பணம் திரட்டும் தேநீர் விருந்து என்று பட்டியல் நீளும். இவற்றோடு பாரிஷ் கவுன்சில் என்னும் ஊர் மன்றத்தின் கூட்ட அறிக்கையும் இருக்கும். 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மன்றங்கள் இவை. ஆண்டுதோறும் மார்ச்சு 1 முதல் ஜூன் 1 வரையுள்ள காலத்திற்குள் ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றும் கூட்டப்பெற வேண்டும். வாக்காளர் எவரும் அதற்கு வந்து பேசலாம். பேசலாமே தவிர, வருவோர் பலர் என்று எண்ணிவிட வேண்டா. பொதுக்குழு கூட்டிப் பழகிய நம் சங்கக் காரியதரிசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் அப்பலகைகளில் புதிய அறிவிப்பு ஒன்று இடம்பெறலாயிற்று. அது கடைக்குப் பங்கு சேர்க்கும் அறிவிப்பு. நகரத்துப் பெருங்கடைகளின் போட்டியால் கிராமத்தின் ஒரே மளிகைக்கடை மூடப்படும். அதனோடு அஞ்சலகமும் போய்விடும். மோட்டார் வண்டி இல்லாத முதியோர் ஒரு ரொட்டி வாங்கப் பல மைல் செல்ல நேரும். அந்நிலையில் ஊரார் கூடி, ஆளுக்குச் சில பவுன் பங்குத்தொகை செலுத்தி, சங்கம் ஒன்றைப் பதிவுசெய்து, கடையைத் தாமே ஏற்று நடத்துகின்றனர். எத்தனை பங்கு வாங்கினும் ஒருவர்க்கு ஒரு வாக்குதான். சம்பளத்திற்கு ஒருவர் இருப்பார். மற்ற நேரங்களில் அங்கத்தினர்களே முறைவைத்துக் கூலியின்றிக் கல்லாவில் அமர்வர். பிரிட்டனில் இத்தகைய ஊர்க்கடைகள் ஏறத்தாழ 400 நடைபெறுகின்றன. அயர்லாந்தில் பால்பண்ணைக் கூட்டுறவை வளர்த்த ஹொரேஸ் பிளங்கெட் 1919 ஆம் ஆண்டில் தொடங்கிய அறநிலையம் இவற்றிற்கு யோசனை கூறி உதவுகிறது. கடையோடு நில்லாமல், ஊரின் மதுவிடுதியையும் இவ்வாறே காத்துக்கொண்டோர் உளர். வடக்கே ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் கிராமத்தார் ‘ஓல்ட் கிரவுன்’ என்ற விடுதியை 2003 ஆம் ஆண்டில் கூட்டுறவு முறையில் தமதாக்கிக்கொண்டனர். மதுவிடுதிக்குக் கூட்டுறவா என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள், அந்நாட்டுக் கிராமத்தில் நாலுபேர் கூடிப் பேசும் திண்ணை அதுவே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1844 ஆம் ஆண்டில் ராச்டேலில் 28 பேர் கூடி ஏற்படுத்திய சங்கத்தின் வழிமுறையே இவை எல்லாவற்றிற்கும் மூலம். அவர்களுள் நெசவாளர் இருந்தனர் என்பதை நெசவாள அங்கத்தினர்கள் முன்னரே அறிவர்.

கடையைப் பொதுவாக்குதல் எளிது. வயலைப் பொது ஒழுங்கின்கீழ் வைத்து உழுதல் எளிதன்று. அதனை இன்றும் செய்துவரும் ஊர் ஒன்று உண்டு. நாட்டிங்காம்ஷயர் என்னும் மாவட்டத்தில், நியூவார்க் நகருக்கு வடமேற்கே உள்ள லாக்ஸ்டன் அது. நவம்பர் மாத இறுதியில் அவ்வூரில் நடைபெறும் ‘ஜூரி நாள்’ பற்றியே இக்கட்டுரையில் விரிவாகக் கூற விரும்புகிறோம்.

1086 ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் எடுப்பித்த நிலக்கணக்கில் லாக்ஸ்டன் இடம்பெற்றுள்ளது. ஊரைச் சூழ மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று பெருவயல்கள் உள்ளன. இவற்றினிடையே வேலியோ சுவரோ கிடையாது. ஒவ்வொரு பெருவயலும் நீண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று வயலிலும் சிதறிய துண்டுகள் இருக்கும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேட்டு நிலமும் பள்ள நிலமும் எல்லார்க்கும் பங்கிட்டுக் கிடைக்கவேண்டும் என்பதே இதன் கருத்து. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை; மற்றொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர்; மூன்றாவது தரிசு. மறு ஆண்டு இம்முறை ஒரு வயல் தள்ளிச் சுழலும். தரிசாக விடும் வயலில் கால்நடைத் தீவனம் பயிரிடலாம் என்று பிற்காலத்தில் விதி தளர்த்தப்பட்டது. எனினும், தன் துண்டில் தனக்குப் பிடித்ததை விதைத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. 1635 ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்பவர் இவ்வூரை அளந்து, துண்டு துண்டாக எழுதிய பெரிய நிலப்படம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அப்படத்தில் உழுவோரும் அறுப்போரும் கூடச் சிறு உருவங்களாகத் தீட்டப்பட்டுள்ளனர்.

ஒரு காலத்தில் ஆங்கில நாட்டின் நடுப்பகுதி முழுவதும் இம்முறையே இருந்தது. பின்னர் நிலவுடைமையாளர்கள் பார்லிமெண்டில் தனித்தனிச் சட்டங்கள் பெற்றுத் திறந்த வயல்களையும் மேய்ச்சல் வெளிகளையும் வேலியிட்டுப் பிரித்துக்கொண்டனர். 1604 முதல் 1914 வரை இவ்வாறு 5,200க்கு மேற்பட்ட மசோதாக்கள் நிறைவேறின. அவற்றால் வேலிக்குள் சென்ற நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். விளைச்சல் பெருகியது மெய்யே. ஆயினும் ஒரு பசுவும் சில வாத்துகளும் வைத்து, பொதுவெளியை நம்பி வாழ்ந்த ஏழைக்குடிகள் கூலியாட்களாயினர் என்பதும் மெய். லாக்ஸ்டன் மட்டும் தப்பியதற்குக் காரணம் யாருடைய நற்குணமும் அன்று. நிலம் இரண்டு பெரும் பிரபுக்களின் குடும்பங்களிடம் கலந்து கிடந்தது. அவர்கள் தம்முள் உடன்படவில்லை. பெரியவர்கள் ஒத்துப்போகாமையால் சிறியவர்கள் பிழைத்த அரிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

இனி ஜூரி நாளுக்கு வருவோம். முந்தைய ஆண்டின் மன்றக் கூட்டத்தில் பிரமாணம் செய்துகொண்ட ஜூரிகள், தம் தலைவரோடு, கோதுமை விதைத்து முடிந்த வயலுக்கு டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏறிச் செல்கின்றனர். ஜூரிகளும் குடியானவர்களே; அவ்வயலில் அவர்களுக்கும் துண்டுகள் உண்டு. வயல்களினூடே ‘ஸைக்’ எனப்படும் புல்தரைப் பட்டைகள் ஓடுகின்றன. நீர் வடியும் பள்ளங்களாதலின் உழவுக்கு உதவாதவை, ஊருக்குப் பொதுவானவை. வண்டிப் பாதைகளின் ஓரங்களும் அவ்வாறே பொது. உழும்போது ஒரு சால் கூடுதலாக ஓட்டிப் பொதுப்புல்லை அரித்தவர் யார், பாதையை நெருக்கியவர் யார், தன் பங்கு வடிகாலைத் தூர்வாராமல் விட்டவர் யார் என்பனவற்றை ஜூரிகள் நடந்து நடந்து பார்க்கின்றனர். எல்லை மயங்கிய இடங்களில் மர முளைகளை அறைகின்றனர். வரப்பை அரிந்து வயலை அகலமாக்கும் ஆசை எந்நாட்டு உழவருக்கும் உள்ளதே. அங்கும் ஆண்டுதோறும் சிலர் பிடிபடுகின்றனர். ஜூரியாக வந்தவரே பிடிபடுவதும் உண்டு. தாம் விதைத்த துண்டையும் அன்று மற்ற ஜூரிகளின் கண்முன்தானே வைக்கவேண்டும்!

நண்பகலில் ஊரின் ‘டவ்காட்’ விடுதியில் உணவருந்திவிட்டு, ஒவ்வொரு குற்றத்திற்கும் எவ்வளவு அபராதம் என்பதை அவர்கள் தம்முள் பேசி முடிவுசெய்து எழுதிக் கையொப்பமிடுகின்றனர்.

ஒரு வாரம் கழித்து மன்றம் கூடுகிறது. ‘கோர்ட் லீட்’ என்பது அதன் பழைய பெயர். நில உடைமையாளரின் சார்பில் ஸ்டூவர்ட் என்னும் அதிகாரி தலைமை வகிக்கிறார். பெய்லிஃப் கட்டியம் கூறி மன்றத்தைத் தொடங்கிவைக்கிறார். ஊர்க் குடிகளின் பெயர்ப்பட்டி படிக்கப்படுகிறது; வராதவர் சில காசுகள் அபராதம் செலுத்த வேண்டும். ஜூரிகளின் அறிக்கை படிக்கப்பட்டுக் குற்றமும் தொகையும் எல்லார் முன்னிலையிலும் அறிவிக்கப்படுகின்றன. பின்னர் அடுத்த ஆண்டுக்குரிய ஜூரிகள் விவிலிய நூலைத் தொட்டுப் பிரமாணம் செய்கின்றனர். இது வெறும் வேடிக்கைச் சடங்கு என எண்ணலாகாது. 1977 ஆம் ஆண்டில் பார்லிமெண்ட் இத்தகைய பழைய மன்றங்களின் நீதி அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்திற்கு மட்டும் விலக்களித்தது. ஆகவே அதன் தீர்ப்பு இன்றும் சட்டப்படி செல்லும்.

அபராதத் தொகை மிகச் சிறியது. அத்தொகைக்கு அஞ்சி எவரும் கலப்பையைத் திருப்பமாட்டார் என்றே சொல்லலாம். எனினும், அண்டை வயலார் வந்து முளையடித்துப் போனார் என்பதும், நிறைந்த மன்றத்தில் பெயர் படிக்கப்பட்டது என்பதும் தொகையினும் கனமானவை. தணிக்கைக்குச் செல்லும் நமக்கு இவ்விடத்தில் ஒரு பொறாமை உண்டாவதை மறைப்பதற்கில்லை. நாம் வெளியிலிருந்து வந்து, பேரேட்டைப் புரட்டி, குறைகளைப் பத்தி பத்தியாக எழுதிவிட்டுப் போகிறோம். அந்த அறிக்கை பீரோவில் வைத்துப் பூட்டப்படுகிறது; பொதுக்குழுவில் ‘படித்ததாகக் கொள்ளப்பட்டது’ என்று ஒரு தீர்மானம் ஏறுகிறது. லாக்ஸ்டனிலோ குறை கண்டவரும் குறை செய்தவரும் அடுத்த நாள் காலையில் ஒரே பாதையில் வண்டி ஓட்டவேண்டியவர்கள். அறிக்கையை மறைத்துவைக்க அங்கே பீரோ இல்லை.

கோடைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஸைக்குகளில் வளர்ந்த புல்லை வைக்கோலுக்காக ஆண்டுதோறும் ஏலம் விடுகின்றனர். உழுபடாமலும் செயற்கை உரம் அதிகம் படாமலும் நூற்றாண்டுகளாகக் கிடந்த தரையாதலின், பிற இடங்களில் அருகிப்போன புல்வெளிப் பூக்கள் அங்கே மிகுதி. அதனால் சர்க்காரின் இயற்கைப் பாதுகாப்புப் பட்டியலிலும் அப்பட்டைகள் சேர்க்கப்பட்டுள்ளன. பூக்களுக்காக எவரும் அவற்றைக் காக்கவில்லை. பொதுச்சொத்தில் ஒருவன் கூடுதலாக ஒரு சால் ஓட்டக்கூடாது என்று காத்தனர். பூக்களும் உடன் பிழைத்தன.

இவ்வூரின் உடைமை கைமாறிய வரலாறு கவலைக்கும் இடந்தருவது. மான்வர்ஸ் பிரபுவின் குடும்பத்திடமிருந்த நிலத்தை, இம்முறை அழியாதிருக்கும்பொருட்டு, விவசாய மந்திரிசபை இலாகா 1952 ஆம் ஆண்டில் வாங்கியது. 1955 இல் கடைசி மான்வர்ஸ் பிரபு மறைந்தார், பட்டமும் மறைந்தது. 1981 இல் இலாகா அதனை அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் ‘கிரவுன் எஸ்டேட்’ அமைப்பிற்கு மாற்றியது. அவ்வமைப்பும் பின்னர் விற்க முற்பட்டபோது, வாங்குவோர் வயல்களைத் துண்டாடிவிடுவரோ என்ற அச்சம் பலருக்கும் எழுந்தது இயல்பே. இறுதியில் 2020 ஆம் ஆண்டில் தோர்ஸ்பி எஸ்டேட் அதனை வாங்கியது. அது முன்பு மான்வர்ஸ் குடும்பத்திற்குரியதாயிருந்த அதே எஸ்டேட். அறுபத்தெட்டு ஆண்டுகள் சர்க்கார் கையில் இருந்த ஊர் சுற்றிவந்து பழைய வாசலிலேயே நிற்கிறது.

உடைமையாளர் யாராயினும், ஜூரிக்கு வேண்டியவர்கள் குடியானவர்களே. அங்கேதான் உண்மையான நெருக்கடி இருக்கிறது. இயந்திரங்கள் பெருத்துவிட்டன, அகன்ற விதைப்புக் கருவியைக் குறுகிய துண்டில் திருப்புவது சிரமம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல துண்டுகள் ஒன்றுசேர்க்கப்பட்டுத் தொகை குறைக்கப்பட்டது. ஒரு பண்ணைக்கு வேண்டிய நிலப்பரப்பு பெருகப் பெருக, பண்ணைகளின் எண்ணிக்கை சுருங்குகிறது. பண்ணை சுருங்கினால் ஜூரிப் பட்டியலும் சுருங்கும். திறந்த வயல்களின் பரப்போ இன்று 500 ஏக்கருக்குச் சற்றுக் குறைவே. அதில் கிடைக்கும் வருவாய் மட்டும் ஒரு குடும்பத்திற்குப் போதாது. ஒவ்வொருவரும் வேறிடத்தில் வேலியிட்ட நிலமும் வைத்திருக்கின்றனர். அந்நிலத்தில் அவர்கள் விருப்பம்போல் பயிரிடலாம். எவரும் முளையடிக்க வரமாட்டார். இருந்தும் நவம்பர் இறுதியில் அந்த வேலையை ஒருநாள் நிறுத்திவிட்டு, குளிர்காற்றில் வண்டியேறிப் பொதுவயலைச் சுற்ற வருகின்றனர்.

மூன்று வயல்களும் மாறி மாறிக் கோதுமைக்கு வருவதால், ஒவ்வொரு வயலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஜூரிகளின் பார்வைக்கு வந்துவிடுகிறது. மன்றத்தில் பிரமாணம் எடுப்பவர்களுக்கு அடுத்த நவம்பரில் எந்த வயலில் இறங்க வேண்டும் என்பது அன்றே தெரியும். அவ்வயலில் துண்டு வைத்திருப்போர்க்கும் தெரியும். வடிகாலைத் தூர்வாரிக்கொள்ள அவர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு அவகாசம் இருக்கிறது.